திருப்பித் தர முடியாத டிக்கெட்

லைல் ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறார்,
கழிப்பறைகளுக்குக் கொடுத்த காசை மட்டும்.
பாரிஸ் ரயில் நிலையம், ஒரு யூரோ.
ஸ்ட்ராஸ்பூர்க், ஐம்பது சென்ட், சோப்பு இல்லை.
வெனிஸ், ஒன்றரை. பக்கத்தில் "கொள்ளை" என்று
இரண்டு அடிக்கோடு.
ரெஜைனாவில் நாற்பத்தோரு வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர்.
எந்த ஊரைப் பார்த்தாலும் அவருக்கு
அடுத்து எங்கே நிறுத்துவது என்பதுதான்.

நான் அதிகம் பார்த்தது
குடை தூக்கி முன்னால் நடந்த வழிகாட்டியின் முதுகை.
அப்புறம் ஒரு மாதா கோயில். எந்த ஊர் என்று மறந்துவிட்டது.
அங்கே மெழுகுவர்த்திக்குப் பதில் குட்டிக் குட்டி பல்புகள்,
காசு போட்டால் எரியும்,
கொஞ்ச நேரத்தில் தானே அணையும்.
கர்ட்டிஸுக்கும் இவோனுக்கும் சேர்த்து ஒன்று ஏற்றினேன்.
நாலடி நடந்து, திரும்பி வந்து
இன்னொரு காசு போட்டேன்.

டிக்கெட் எடுத்தது ஜனவரியில்.
பிள்ளைகள் பிரிந்தது மார்ச்சில்.
பணம் திரும்ப வராது என்றது விமானக் கம்பெனி.
கேட்டவர்களுக்கெல்லாம் லைல் அதையே காரணமாகச் சொன்னார்.
நானும்தான்.

கூட்டம் வெனிஸில் கலைந்தது.
மற்றவர்கள் வீட்டுக்கு. நாங்கள் போர்ட்டோவுக்கு,
அங்கிருந்து ஆற்றை ஒட்டியே போகும் ரயிலில் ரெகுவாவுக்கு.
அடெலினோ பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்,
அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு.
கல்யாணத்தில் பார்த்ததற்கு இப்போது பாதி ஆள்.
லைலின் கையைப் பிடித்தவர்
கார் வரைக்கும் விடவில்லை.
லைலும் விடவில்லை.
என் கையையே தெருவில் பிடிக்காதவர்.

வீட்டுக் கூடத்தில் சுவர் ஓரிடத்தில் மட்டும்
வெளுக்காமல் இருந்தது, ஒரு சட்டத்தின் அளவுக்கு.
நான் கவனித்ததை கிராஸியெட் கவனித்துவிட்டாள்.
நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள்,
அந்த இடம் என் முதுகுக்குப் பின்னால் போகும்படி.

உப்பு மீன், உருளைக்கிழங்கு, ஏகப்பட்ட வெங்காயம்.
மூன்றாம் தடவையும் பரிமாறினாள்.
போதும் என்பதற்கு எனக்கு அவள் பாஷையில் வார்த்தை தெரியாது.
தெரிந்திருந்தாலும் பலித்திருக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு மேஜை நடுவில் போனை வைத்தோம்,
மொழிபெயர்ப்பாளர் அதுதான்.
அடெலினோ அதனிடம் வெகுநேரம் பேசினார்.
போன் சுருக்கமாகச் சொன்னது:
"எங்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே முன்கோபம்."
லைல் யோசித்தார். தொண்டையைச் செருமினார்.
"எங்கள் பையன் ஒரு தட்டுகூடக் கழுவ மாட்டான்."
அதை போன் போர்த்துகீசில் சொல்லி முடித்ததும்
கிராஸியெட் சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே எழுந்து
அடுப்படிக்குப் போனாள்,
வர நேரமாயிற்று.

வந்தவள் என் தோளைத் தட்டி
"கொன்சோக்ரா" என்றாள்.
சம்பந்தி என்று அர்த்தம்.
எங்கள் இங்கிலீஷில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது,
மகனின் மனைவியின் அம்மா என்று
வேலியைச் சுற்றித்தான் வர வேண்டும்.
இவர்களிடம் ஒரே வாய்ச்சொல்லாக இருக்கிறது.
அதற்கு முன்னால் "முன்னாள்" சேர்ப்பது உண்டா
என்று போனிடம் கேட்க வாய் வந்தது.
போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

மூன்று நாள் இருந்தோம்.
ஆண்கள் இரண்டு பேரும் ஒரு தண்ணீர்க் குழாயைக் கழற்றி
மொழியே இல்லாமல் சண்டை போட்டு மாட்டினார்கள்.
கிளம்பும்போது ஒரு தகர டப்பா தந்தாள்,
சீமைமாதுளை அல்வா. ஒரே கட்டி, வெட்டவில்லை.
யாருக்கு என்று சொல்லவில்லை.

ரயிலில் லைல் நோட்டைத் திறந்து எழுதினார்:
ரெகுவா. காசில்லை. சோப்பு உண்டு.
துண்டு, இஸ்திரி போட்டது.

டப்பா என் மடியில் கனக்கிறது.
ஊருக்குப் போனதும் முதலில்
எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?
கேட்டேன்.
லைல் சன்னலில் நெற்றியை வைத்து
வரப்போகும் ஸ்டேஷனின் பெயரைப்
படிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.