வருகைப் பதிவேடு

கூட்டத்துக்கு வந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.
ரொட்டி வந்தது எண்பது.
தேநீர் வேண்டுமானால் பெயர் எழுதுங்கள் என்றார்கள்,
எழுதினோம்.
எழுதாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள்.
நான் மொழிபெயர்ப்பாளன். நாள்கூலி,
போய்வர வண்டி.

பொறியாளர் "முழுக் கொள்ளளவு மட்டம்" என்றார்.
செசோத்தோவில் அதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.
"தண்ணீர் வந்து நிற்கும் இடம்" என்றேன்.
மாலிபுசெங் எழுந்தாள்,
போர்வையின் ஊக்கை இறுக்கிக்கொண்டு.
"நிற்குமா? யார் வீட்டு வாசலில்?"

வரைபடம் விரிந்தது. பாதிக்கு மேல் நீலம்.
பட்டியலில் எல்லாம் இருக்கிறது என்றார்:
பீச் மரம், கல் தொழுவம், மக்காச்சோளக் கொல்லை,
கல்லறை ஒன்றுக்கு இவ்வளவு என்று.

"ஆற்றில் இறங்கிக் கடக்கிற துறை?"
அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.
"குளிர்காலத்தில் முழங்கால் தண்ணீர்.
மகளை அக்கரையில் கொடுத்திருக்கிறேன்.
அவளுக்கு வலி கண்டால்
அடுப்பிலிருந்து இறக்கிய கூழ் ஆறுவதற்குள் போய்விடுவேன்.
அது எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறது?"

பாலம் உண்டு என்றார்.
எங்கே? அணையின் மேலேயே.
எவ்வளவு தூரம்?
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை
நான் மொழிபெயர்க்கவில்லை.

தண்ணீர் யாருக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
எல்லைக்கு அப்பாலுள்ள நகரம், அதன் வளர்ச்சி,
அதனால் நாட்டுக்கு வரும் வருமானம், அதில் ஒரு பங்கு
என்று நெடுநேரம் பேசினார்.
"நமக்கில்லை" என்றேன்.
இவ்வளவுக்கும் அவ்வளவுதானா என்று
என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மந்தைக்காரர்கள் அன்று வரவில்லை.
கோடை முடியாமல் மலையைவிட்டு இறங்க மாட்டார்கள்.
ஆற்றோரக் கீரை பறித்து விற்கும் பெண்களுக்கு
அது சந்தை நாள்.
தேதியைக் குறித்தது யார் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது,
மொழிபெயர்க்க என்னிடமே.
இணைப்பு ஆறு: மக்கள் ஒப்புதல்.
புரட்டினால், அதே தாள்.
ஓரத்தில் கோப்பை வைத்த வட்டம்கூட அப்படியே.
மேலே "தேநீர்" என்றிருந்த வரி மட்டும்
நகலில் விழாமல் போயிருந்தது.
முதல் பெயர் என்னுடையது.

அதை மாலிபுசெங்கிடம் வாசித்துக் காட்டினேன்.
இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.
பிறகு என்னைத் திட்டினாள், நியாயமாக.

அடுத்த கூட்டத்துக்கு நாளை அவர்கள் குறித்தார்கள்:
ஜூன், மந்தைகள் இறங்கியபின்,
சந்தையில்லாத செவ்வாய்.
கூடாரம் வேண்டாம், துறையில்.
ரொட்டி வேண்டாம், அவரவர் கொண்டுவருவோம்.
தாள் இருந்தால் முதலில் அதை உரக்க வாசிக்க வேண்டும்.

பொறியாளர் வந்தார், மனிதர் மோசமில்லை.
கரையிலிருந்து பேசத் தொடங்கியவரை
இங்கே கேட்கவில்லை, வாருங்கள் என்று
ஆற்றின் நடுவிலிருந்து கூப்பிட்டாள்.
காலணியைக் கழற்றினார். காற்சட்டையை மடித்தார்.
பனி உருகிய நீர், பல் கிட்டித்தது அவருக்கு.

அப்போதுதான் பார்த்தார்:
எதிர்ச் சரிவில், ராலிஃபோவும் மந்தைப் பையன்களும்
அவருடைய அளவுப்படியே கற்களுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்,
பள்ளிக்கூடத்துக்கு மேலே, கல்லறைகளுக்கு மேலே,
மாலிபுசெங்கின் மகள் வீட்டுப் புகைக்கும் மேலே
ஒரு வெள்ளைக் கோடு.
கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கொஞ்சம் இறக்க முடியுமா?" என்றாள்.
"பார்க்கிறேன்" என்றார்.
"இறக்கினால் நான் என்ன இழப்பேன்,
நீ என்ன இழப்பாய், அதையும் எழுதிக்கொண்டு வா."
அவர் குறிப்பேட்டை எடுத்தார். நனைந்திருந்தது.

அன்று எனக்கு வேலை அதிகமில்லை.
கூலி இன்னும் வரவில்லை.