மைனஸ் முப்பத்தொன்று

இரவில் வண்டியின் என்ஜினைச் சூடாக்கும் ஒயரைச்
சுவரில் செருக மறந்தால்
காலையில் வண்டி வெறும் கல்.
கனோரா ஊரில் இது குழந்தைக்கும் தெரியும்.
இந்தக் குளிர்காலத்தில் பதினோரு முறை மறந்தேன்.
எண்ணியது டாரில், என் கணவர்.
குத்திக் காட்ட அல்ல என்றார்.
எண்ணினார், அவ்வளவுதான்.

எனக்கு நாற்பத்தேழு வயது.
தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதுகிறேன்:
லாரி எண், ஈரப்பதம், கோதுமையா கனோலாவா.
அறுவடையில் நாற்பது லாரி வரிசை கட்டி நிற்க
நான்கு டிரைவர்கள் ஒரே நேரத்தில் கத்த
என் பேனா ஒரு இலக்கம் பிசகியதில்லை.
அதே நான்
ஜனவரியில் வந்த ஒரு கடிதத்தைப் பிரிக்க
மே மாதம் ஆகிறது.

"திறமை உண்டு, மனம் வைத்தால்."
ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் அட்டையில் இதே வரி.
அந்த 'ஆல்' என்ற இரண்டு எழுத்துக்குள்
நாற்பது வருடம் குடியிருந்தேன்.
அதன் நிழலில் புல்கூட முளைக்கவில்லை.

பிறகு மகன் கோடிக்காக ஒரு படிவம் வந்தது.
பொருட்களைத் தொலைக்கிறானா.
பேசும்போது எங்கோ போய்விடுகிறானா.
தொடங்கியதைப் பாதியில் விடுகிறானா.
இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.
கூடத்துச் சுவரைப் பார்த்தேன்:
பாதி பச்சை, பாதி பழைய மஞ்சள்,
ஆறு வருடமாக.

ரெஜைனாவுக்கு மூன்று மணி நேரப் பயணம்,
காத்திருப்போர் பட்டியலோ பதினான்கு மாதம்.
சமையலறை மேஜையிலேயே பார்க்கலாம் என்றார்கள்,
திரை வழியாக.
அன்று சார்ஜர் கையுறைக் கூடைக்குள் ஒளிந்திருந்தது.
ஒன்பது நிமிடம் தாமதம். மூச்சிரைக்க மன்னிப்பு.
"பரவாயில்லை," என்றார் டாக்டர் வீபே,
"பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன்."

எடுத்தவுடன் மாத்திரை எழுதவில்லை.
தூக்கம் கேட்டார், குடி கேட்டார்,
எட்டு வருடமாக நான் விழுங்கிய
பதற்ற மாத்திரையைப் பற்றிக் கேட்டார்.
தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.
சிறுவயதில் எப்படி இருந்தேன் என்று
என் அண்ணன் மைரனிடமும் கேட்க வேண்டுமாம்.
மைரன் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.
கடைசியில் சிரிப்பு நின்றது.
"உன்னை எல்லோரும் ரொம்ப அடித்தோம்," என்றான்.

மூன்றாவது சந்திப்பில் அதற்குப் பெயர் வந்தது.
மடிக்கணினியை மூடிவிட்டு
உருளைக்கிழங்கு உரித்தேன்.
தேவைக்கு மேல் உரித்தேன்.

மருந்துக் கடையில் ஒரு ரத்தஅழுத்தக் கருவி.
காலை மாலை டாரில் என் கையில் பட்டை சுற்றினார்.
காலண்டரில் பனிக்கட்டி ஹாக்கி அட்டவணைக்கு அருகே
என் இதயத்தின் எண்கள்.

மாத்திரை அற்புதம் எதுவும் செய்யவில்லை.
முதல் நாள் பத்தரை மணிக்கு
ஃபிரிட்ஜின் ஓசை கேட்டது. ஃபிரிட்ஜ் மட்டும்.
அவ்வளவு வெறுமையாக ஒரு சத்தம்
என் தலைக்குள் அதுவரை நுழைந்ததில்லை.
ஒரு கடிதத்தைப் பிரித்தேன். இன்னொன்றை.
எல்லாம் ஏழு வருடத்து அபராதம்.
அழுதது பணத்துக்காக அல்ல.

வாய் வறண்டது. பசி செத்தது. இரவு இரண்டு வரை விழிப்பு.
மீண்டும் திரை, மீண்டும் வீபே, அளவு குறைந்தது.
வியாழக்கிழமைகளில் ஷாண்டல் என்றொரு பெண்
திரையில் வந்து என்னோடு வெறுமனே உட்காருவாள்.
அவள் தன் கணக்கைப் பார்ப்பாள், நான் என் கணக்கை.
யாரோ பக்கத்தில் இருந்தால்
என்னால் முடிகிறது. ஏனென்று கேட்காதீர்கள்.

ஒயரைக் கதவுக் கைப்பிடியில் மாட்டச் சொன்னதும் அவள்தான்:
தொடாமல் உள்ளே போக முடியாது.
ஐந்து வாரம் பலித்தது.

நேற்று பன்னிரண்டாவது முறை.
மைனஸ் முப்பத்தொன்று. வண்டி கல்.
பக்கத்து வீட்டு லூபாவிடம் ஜம்பர் கேபிள் வாங்கினேன்.
என்ஜின் இருமி இருமி உயிர் பிடிக்கும்வரை
குளிரில் நின்றேன்,
வழக்கமாக என்னை நானே வையும் நேரம் அது.
நேற்று
லூபாவின் நாய் என் பூட்ஸை முகர்ந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.