கால் கரி

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
கரி தானாக வந்துவிடுகிறது: கால்கரி.
யாரும் கேலி செய்ததில்லை.
மூன்றாம் மாடியில் தமிழ் படிப்பவள் நான் ஒருத்திதான்.

தராசின் தட்டு பிளாட்டினம்,
சுண்டுவிரல் நகத்தளவு.
அதில் பத்து மில்லிகிராம் கரி.
உலை தொள்ளாயிரம் டிகிரியைத் தொட்டதும்
நைட்ரஜனை மூடிக் கரியமில வாயுவைத் திறக்கிறேன்.
தீ இல்லை, புகை இல்லை,
திரையில் ஒரு கோடு மட்டும் சரிகிறது.
நான் மூச்சாய் வெளியே விடுவது
உள்ளே பல் முளைத்துக் கடிக்கிறது.

நீராவிக்கு இன்னும் பசி அதிகம்.
கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனை விட்டால் போச்சு.
தின்னவும் தின்னாது, எழவும் எழாது;
பந்தியில் இலைமுன் உட்கார்ந்துகொண்டு
பின்னால் நிற்பவனைப் பட்டினி போடும்.

ஸ்விட்ச் புல்லின் கரி
நான் தேநீர் குடித்து வருவதற்குள் காலி.
அதன் சாம்பலில் பொட்டாசியம்.
நிலக்கரியோ சாயங்காலம் வரை கிடக்கும்.
கலந்தால் புல்லின் அவசரம் நிலக்கரிக்கும் தொற்றும் என்று
டிசம்பரில் எழுதிக் கொடுத்தவள் நானே.

பாதிக்குப் பாதி கலந்தேன்.
மந்தம்.
தட்டைக் கழுவி, மறுபடி.
அதே மந்தம்.
ஓலெனா சாம்பலை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு வந்தாள்:
"உன் பொட்டாசியம் களிமண்ணிடம் மாட்டிக்கொண்டது."
நிலக்கரிக்குள் இத்தனை கோடி வருஷம்
சும்மா படுத்திருந்த களிமண்,
வேலைக்கு வந்தவனை வாசலில் மறித்து
தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது.

சரி, கேட்பதைக் கொடுத்துத் தொலைப்போம்.
புல்லை ஏற்றினேன், நிலக்கரியைக் குறைத்தேன்.
நேற்று மூன்றரை மணிக்கு
களிமண்ணின் வாய் நிரம்பியது போலும்,
மிஞ்சிய பொட்டாசியம் நிலக்கரி மேல் பாய்ந்தது.
கோடு சரியவில்லை, விழுந்தது.
முக்கால் புல், கால் கரி
என்று நோட்டில் எழுதிவிட்டுத் தனியே சிரித்தேன்.
ஓலெனாவுக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.
அவள் சிரிக்கவில்லை.

வெளியே ஷினூக் காற்று.
மலைகளின் மேல் மேகம் வில்லாய் வளைந்திருக்க,
வண்டி நிறுத்தத்தில் முழங்கால் பனி
தரையை நனைக்காமலே குறைந்துகொண்டிருந்தது.
அதற்குத் தராசு வைக்க யாருமில்லை.

வினையூக்கி தீராது என்று பள்ளியில் படித்தேன்.
தட்டைக் கவிழ்த்தபோது விழுந்த துளியில்
பாதி களிமண்ணோடு சேர்ந்து
கண்ணாடியாகியிருந்தது.
நாளைக்கு நீராவி.