பெயரில் கோடு கூடாது

எபேன் கோபுரத்தின் ஏழாம் மாடியில்
நான் ஜன்னல்களைப் பெட்டியில் அடைக்கிறேன்.
கண்ணாடி ஜன்னல் அல்ல, திரையில் திறப்பவை:
பொத்தான், உருள்பட்டை, தேதி கேட்கும் கட்டம்,
தப்பாய் எழுதினால் குலுங்கும் சின்னப் பெட்டி.
முன்பெல்லாம் இவை மொழியோடே வந்தன,
வாடகை வீட்டோடு வரும் மின்விசிறி போல.
இப்போது தனிக்குடித்தனம்.
வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
கேட்பவருக்குக் கட்டிக் கொடுப்பது என் வேலை.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு சீட்டு.
யார் யார் எனக்குத் தேவை,
எதை ஊருக்குக் காட்டுவேன்,
எதை உள்ளறையிலேயே வைத்துக்கொள்வேன்.
மூன்றே கேள்வி. நேர்மையாய் எழுத
மூன்று வாரமாகிறது.
பொத்தானுக்கு ஓவியம் தேவையாம்.
ஓவியமோ, யாருக்கும் சொல்லாமல்,
பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறது.
வட்டம். தளம் வட்டத்தை மன்னிப்பதில்லை.
எங்கோ ஒரு கை பிடியை விட வேண்டும்;
எந்தக் கை என்று பார்ப்பதற்குள்
செவ்வாய் போனது, புதன் போனது.

பெயரில் கோடு கூடாது என்று ஒரு விதி.
பக்கத்து மேசை ழான்-நொயெல் சிரித்தான்:
"அப்போ நான் மாட்யூல் ஆகவே முடியாது."
சீட்டே இல்லாமல் வந்த பெட்டிக்குத்
தளமே ஒரு பெயர் வைத்துவிடும்,
கோப்பின் தலைப்பைப் பார்த்து, வால் எண்களை உதிர்த்து.
எங்கள் 'திர்வெங்காதும்' அப்படி வந்ததுதான்.
துறைமுகத்தில் ஒருவர் தன் பெயரைச் சொன்னார்,
எழுதியவர் காதில் விழுந்தவரை எழுதினார்.
எண்ணை மட்டும் உதிர்க்கவில்லை.

இன்று இரண்டாம் புயல் எச்சரிக்கை.
மூன்று மணிக்குள் கட்டடம் காலியாக வேண்டும்.
கான்டோஸ் பக்கத்து கிளினிக் ஒன்றில்
வரிசை எண்ணைக் கூப்பிடும் திரை
திங்கள் காலை நான்கு மொழியில் ஓட வேண்டும்.
பிரெஞ்சு வந்தது. ஆங்கிலம், கிரியோல் வந்தன.
தமிழ் இருக்கவேண்டிய இடத்தில்
காலிச் சதுரங்கள், வரிசையாய்,
சாமான் ஏற்றாத லாரிகள் போல.

எழுத்தைக் கோக்கும் மாட்யூலைச்
சீட்டில் சேர்க்க மறந்தவள் நான்.
நானே!

சேர்த்தேன். சோதிக்க ஒரு தமிழ் வரி வேண்டும்.
அவசரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.
பர்ஸில் இருந்த இருபத்தைந்து ரூபாய் நோட்டைத்
திரையோரம் சாய்த்து வைத்துப் பார்த்து அடித்தேன்.
முதல் தடவை 'தை' உடைந்தது:
'த' தனியே, சங்கிலிக் கொம்பு தப்பான பக்கம்,
கொம்பை ஒட்டி ஆளில்லாப் புள்ளி வட்டம்.
மறுபடி கட்டினேன். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.
காவலர் மாடி மாடியாய் வந்து
நிஜ ஜன்னல்களுக்குத் தாழ் போட்டார்.
"ஆலே, மாம்செல், ஆலே!"
ஒரு நிமிஷம் என்றேன்,
எந்த மொழியில் சொன்னேனோ.

இருபத்தைந்து ரூபாய்.

கொம்பு முன்னால், 'த' பின்னால்,
கடைசி நாற்காலி நோயாளிக்கும் தெரியும் அளவில்.
"இவ்வளவுதானா?" என்றான் ழான்-நொயெல்.
இவ்வளவுதான்.

ரோஸ் ஹில்லில் தால் பூரிக்காரர்
கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரு ஜோடி.
அந்த நோட்டையே நீட்டினேன்.
நிறத்தைப் பார்த்தார், மடித்துப் பையில் போட்டார்.
பூரி சுற்றிய தாளைக் காற்று பிடுங்கப் பார்த்தது.
தின்றுகொண்டே நடந்தேன்.
மேக் கணினிக்கான பெட்டி இன்னும் பாக்கி.
வீட்டு முக்கு திரும்பும்போதுதான் உறைத்தது:
பிரெஞ்சுத் திரையில், 'ராந்தே-வூ'வின் நடுவே,
இருக்கவேண்டிய கோட்டையும்
எடுத்துவிட்டிருக்கிறேன்.