நீலம் பதினேழு

எருமைத் தொடையைப் போட்டு
கூண்டுக் கதவைத் திறந்துவைத்து
ஒன்பது நாள் காத்திருந்தோம்.
பத்தாம் நாள் நுழைந்தது.
கண்ணைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டபோது
தின்றதையெல்லாம் என் சட்டையில் கக்கியது.
நியாயம்தான்.

நாலரைக் கிலோ.
இறக்கையில் நீல வில்லை, எண் பதினேழு.
முதுகில் தீப்பெட்டியளவு கருவி,
அதன்மேல் வெயில் குடிக்கும் கண்ணாடிச் சில்லு.
பட்டையின் இறுக்கம் பார்க்கச்
சுண்டுவிரலை நுழைத்த கேத்தன் சொன்னார்:
"எனக்கு மாட்டினா கடிச்சே அறுத்திருப்பேன் மேடம்."

பிறகு எல்லாம் திரையில்.
மாயாற்றுப் பள்ளத்தில் விடிந்து
பந்திப்பூரில் சாப்பிட்டு
முத்தங்காவுக்கு மேல் நாலு வட்டம் போட்டு
இருட்டுமுன் சிறியூர் திரும்பும்.
அதே சுற்றுக்கு எனக்கு
மூன்று மாநிலம், மூன்று கடிதம்,
கக்கநல்லா சாவடியில் பையைப் பிரித்துக் காட்டல்.
அறிக்கையில் பாறு என்று எழுதுவேன்.
தலைமை அலுவலகம் கழுகு என்று திருத்தும்.
மறுபடி பாறு என்பேன்.

மார்கழியில் ஒருநாள் புள்ளி நின்றது.

நாற்பது மணி நேரம்.
பத்தடிகூட நகரவில்லை.
போன வாரம்தான் மசினகுடியில்
மாட்டு மருந்துக் கடையில் விசாரித்திருந்தேன்.
"அந்த ஊசி இப்ப வர்றதில்லைங்க."
கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

கத்தி, கையுறை,
சிறுநீரகத் துண்டு போட மூன்று குப்பி,
பெரிய வெள்ளைச் சாக்கு.
ஆற்றைக் கடக்கையில் கேத்தன் மூக்கைத் தூக்கி
"நாத்தமே இல்லியே" என்றார்.
பனி என்றேன். குளிரில் நாளெடுக்கும் என்றேன்.
படித்ததையெல்லாம் சொன்னேன்.

நீர்மருதின் உச்சிக் கவட்டையில்
சுள்ளிக் குவியல்.
எச்சம் வழிந்து வெளுத்த கிளை.
அதற்கும் மேலே நீலம்.
எண் படிக்க முடியவில்லை,
தொலைநோக்கி என் கையில் ஆடியது.
கழுத்தை மடித்து ஏதோ ஒன்றின்மேல்
தன் நாலரைக் கிலோவையும்
வைக்காமல் வைத்திருந்தது.

முட்டையை நான் பார்க்கவில்லை.
படிவத்தில் 'ஊகம்' என்று குறித்தேன்.

சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து
எலுமிச்சைச் சோறு தின்றோம்.
கேத்தன் ஊறுகாயை நீட்டினார், கை கழுவவில்லை, வாங்கிக்கொண்டேன்.
பதினோரு மணி வாக்கில் இன்னொரு பாறு இறங்கியது.
வில்லை இல்லை, கருவி இல்லை,
எங்கள் கணக்கில் எங்கேயுமே இல்லாதது.
பதினேழு எழுந்து, ஒருமுறை குனிந்து பார்த்து,
இடம் விட்டுப் பறந்தது.

அறையில் இந்நேரம்
புள்ளி நகரத் தொடங்கியிருக்கும்.
பார்க்க அங்கே ஆளில்லை.