காற்று வரம்பு

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகளும்
மாறிவிட்டதாகச் சொன்னது திரை.
சிவப்பில் ஒரு முறை, பச்சையில் ஒரு முறை
அதே படகு, அதே துறை, அதே ஆறே முக்கால்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.
ஒரு புள்ளிகூட வேறில்லை.

ஹேயின் தெற்குத் தீவில் இருக்கிறான்.
அவன் கணினி ஒவ்வொரு வரியையும்
இரண்டு தடவை முடிக்கும்:
பழைய தட்டச்சுப் பொறிபோல
முதலில் இடது ஓரத்துக்குத் திரும்பி
பிறகுதான் தாளை ஒரு படி உயர்த்தும்.
என்னுடையதற்குத் தாள் உயர்ந்தால் போதும்.
கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைத் திரும்பலுக்காக
தோர்ஷ்ஹவ்ன் அலுவலகத்தில்
டிசம்பர் இரவொன்றைத் தொலைத்தேன்.
உண்மையில் மாறியது ஒரே வரி.
நோல்ஸோய் படகு இனி ஏழு பத்துக்கு.
கூட்டத்துக்குள் எங்கோ நின்றது அது,
கையைக்கூடத் தூக்காமல்.

அதற்குப் பிறகுதான் எழுதினோம்,
பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த,
பட்டியலில் முகம் காட்டாத ஒரு கோப்பு.
கோப்புகளைப் பற்றிய கோப்பு.
கால அட்டவணை எழுத்து,
களஞ்சியத்தில் அதன் வரிகள் ஒரே மாதிரி முடியட்டும்.
வரைபடம் படம்,
வரியென்று நினைத்து வெட்டாதே, மோதினால் எங்களைக் கூப்பிடு.
பணிக் குறிப்பேட்டில் இருவர் எழுதினால்
இரண்டையும் வை.
சண்டை வேண்டாம்.

விசித்திரம் என்னவென்றால்
கிளை மாறும்போது இந்த விதியும் சேர்ந்தே மாறும்,
சுங்கச்சாவடியின் விதிப்புத்தகம்
சோதிக்க வேண்டிய பெட்டிக்குள்ளேயே வருவதுபோல.
கோப்புகளை வெளியே எடுத்து வைக்கையில்
வரப்போகும் கிளையின் விதி.
இணைக்கையில்
நின்றுகொண்டிருக்கும் இடத்தின் விதி.
இதை விளக்க, வீடியோவில் ஹேயின்
இரண்டு கோப்பைகளை இடம் மாற்றி மாற்றி வைத்தான்.
எனக்குப் புரியவில்லை.
அவன் காபி ஆறிப்போனது.

பிப்ரவரியில் காற்று வரம்பு.
ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண்,
அதைத் தாண்டி வீசினால் படகு கயிறு அவிழ்க்காது.
கிளாக்ஸ்விக்குக்கு இருபத்திரண்டு.
சோதனைக் கிளையில் மட்டும் நாற்பது,
பொத்தான் பச்சையாகிறதா என்று பார்க்க.
'இந்தக் கோப்பை இணைக்காதே,
நம்முடையதையே வைத்துக்கொள்' என்பதற்கு
விதியில் ஒரு சொல் எழுதினான் ஹேயின்.
அவன் மேசையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்தது.

சொல் பயணம் போகும். பொருள் போகாது.
அதை அவரவர் கணினியில்
அவரவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.
களஞ்சியம் சுமக்காது, வேண்டுமென்றேதான்:
யாரோ அனுப்பும் கட்டளை
நம் வீட்டில் ஓடிவிடக் கூடாதே.
நான் எழுதிக்கொள்ளவில்லை.
நான்தான் இணைத்தேன்.
அறியாத சொல்லைக் கண்டும்
கிட் முகம் சுளிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை,
வழக்கம்போல வரிக்கு வரி தைத்தது.
மோதல் இல்லை. சுத்தம்.
நாற்பது வந்து உட்கார்ந்தது.

காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி.
கால்ஸோய் படகின் கேப்டன், ஒட்வோர்.
"உங்கள் திரை போகச் சொல்கிறது" என்றாள்.
பின்னால் ஏதோ கம்பிவடம்
எதன் மீதோ அடித்துக்கொண்டே இருந்தது.
"காற்று முப்பத்தொன்று. என் கார்க் கதவே திறக்கவில்லை.
நான் போகப்போவதில்லை. சும்மா சொன்னேன்."

துறையில் பதினேழு பேர், ஒரு பால் வண்டி,
பெட்டிக்குள் இரண்டு செம்மறிகள்.

யார் மாற்றியது என்று அந்த வரியைக் கேட்டேன்.
ஹேயின் பெயரைச் சொன்னது, சோதனை நாளின் தேதியோடு.
இணைத்த கை என்னுடையது.
அந்த வரியில் அதற்கு இடமில்லை.

அவனை எழுப்பினேன்.
"உன் கணினியிலும் சேர்க்கச் சொன்னேனே?"
"சொல்லவில்லை."
"ஓ."
பிறகு கொஞ்ச நேரம்
அவரவர் ஜன்னலில் மோதும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது சோதனை எண்களுக்குத் தனிக் கோப்பு.
அந்தச் சொல்லை விதியிலிருந்து எடுத்துவிட்டோம்.
ஆனாலும் தினமும் அழைக்கிறாள் ஒட்வோர்,
இன்றும், கடல் அசையாமல் கிடந்த காலையில்:
"இருபத்திரண்டுதானே?"

எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.