ஏழாம் வேற்றுமை

பன்னிரண்டாம் பாகம், பதினெட்டாம் நிமிடம்.
பஸ் நடத்துநர் பெண் டிக்கெட் பையைக் கழற்றிவிட்டு
பியானோவுக்குச் சுருதி பார்க்கிறவளிடம்
ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: சுகி.
இரண்டு செக்கன்.
அதற்குள் தமிழ் வந்துவிட்டுப் போகவேண்டும்.

ஒரு கிழமையாக அந்த இரண்டு செக்கனில் நிற்கிறோம்
நானும் வினோஜாவும்,
உப்புவெளியில், அவளுடைய வாடகை அறையில்.
ஒரு லப்டொப். ஒரு இயர்போன், ஆளுக்கொரு காது.

'காதலிக்கிறேன்' என்று அடித்தேன். சிரித்தாள்.
அது மலையுச்சியில் கைவிரித்து நிற்கிற ஆம்பிளைக்கு எழுதினது,
இவள் கடைசி பஸ்ஸைக் கழுவிவிட்டு வந்து நிற்கிறாளடி.
'நேசிக்கிறேன்' ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்.
'பிடிச்சிருக்கு'?
போன வெள்ளி சென்றல் ரோட்டில்
சல்வார்த் துணிக்கும் அதைத்தான் சொன்னாய்.

பகலில் நான் வங்கியில், அடகுப் பிரிவில்.
தாலிக்கொடி நிறுக்கிறேன்.
கல் கழித்து, அழுக்குக் கழித்து, கிராம் எழுதி,
உறையில் போட்டு நம்பர் இடுகிறேன்.
அவள் சீனன்குடா மா ஆலையில் கணக்கு எழுதுகிறாள்.
பின்னேரம் வரும்போது காதுமடலுக்குப் பின்னால்
கொஞ்சம் வெள்ளை இருக்கும்.
கணக்கறைக்குள் மா வராது என்பாள்.
வந்திருக்கும்.
நான் துடைத்துவிட்டதில்லை.

ஜப்பான் முதல் வந்ததும் ஒரு ஏப்ரலில்தான், ஆகாயத்தால்.
அன்று எரிந்த எண்ணெய்த் தாங்கியின் இரும்பு
இன்னும் காட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது.
இப்போது பென் டிரைவில் வருகிறது.
திரையிலும் ஏப்ரல்: இளஞ்சிவப்பாய் இதழ் கொட்டுகிறது,
இருவரும் குடையில்லாமல் நடக்கிறார்கள்.
இங்கே முற்றத்து முருங்கை கொட்டுகிறது.
வினோஜா அதைப் பொறுக்கி
முட்டையோடு வறுத்தாள்.

சொல் கிடைக்காமல் ஓரிரவு
என் ஸ்கூட்டியை அவள் ஓட்ட, டச்சு விரிகுடாவுக்குப் போனோம்.
நடு ரோட்டில் மான்கள்.
ஹோர்ன் அடிக்காமல் இஞ்சினை நிறுத்தினாள்.
ஒரு மான் என் கைப்பையை முகர்ந்து, ஒன்றுமில்லை என்று போனது.
கடற்சுவரில் இரண்டு மாமிமார், மடியில் கடலைச் சரை.
"அவளுக்கு அந்தப் பொடியனில விருப்பமாம்."
"எவனில?"

விருப்பமாம்.
அவனில.
இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்,
மாமிமார் பக்கம் அல்ல.

ஏழாம் வேற்றுமை, இடப்பொருள்.
ஓ.எல். சோதனைக்குப் பாடமாக்கி அன்றே மறந்தது.
பெட்டியில் நகை. மரத்தில் குரங்கு.
உன்னில விருப்பம்.
உன்னை அல்ல. உனக்கு அல்ல.
எங்கேயோ வைத்துவிட்டு வந்த பொருள்
வைத்த இடத்திலேயே இருக்கிற மாதிரி.

அன்றிரவே நான் அடித்தேன்: 'எனக்கு உன்னில விருப்பம்.'
இரண்டு செக்கனுக்குள் அடங்கியது.
வினோஜா வாசித்தாள். இன்னொருக்கால் வாசித்தாள்.
எழுத்துப் பிழை இல்லை என்றாள்.

பியானோக்காரி பதில் சொல்லும்போது
ஒரு பஸ் குறுக்கே போகிறது. வாய் அசைகிறது, சத்தமில்லை.
அதை வெறுமையாக விடுவோம், எடுத்தவர்களே விட்டதை
நாங்கள் ஏன் நிரப்புவான் என்றேன்.
ஓம் என்றாள், கெதியாக.
கடைசிச் சரிபார்ப்பைத் தான் செய்வதாகச் சொன்னாள்.

நேற்று ஏற்றினோம். நாற்பத்தொரு பேர் இறக்கிவிட்டார்கள்.
இன்றுதான் நான் வீட்டில் தனியே
கடைசிவரை ஓடவிட்டேன்.
பெயர்கள் முடிந்து, பாட்டு முடிந்து, திரை கறுத்து,
யாருமே பேசாத அந்தக் கறுப்பில்
கீழே, மஞ்சள் எழுத்தில், மூன்று செக்கன்:

எனக்கும்தான். உன்னில.

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இருந்தது.
திரும்பவும் ஓட்டினேன்.
நாற்பத்தொரு பேர் பார்த்திருப்பார்கள்,
எந்தப் பாத்திரம் பேசுகிறது என்று யோசித்திருப்பார்கள்.

மணி ஒன்பதரை.
உப்புவெளிக்குப் பத்து நிமிடம்,
மான்கள் விட்டால்.
ஸ்கூட்டிச் சாவியை எதில் வைத்தேன்,
மேசையில், பையில், ஆணியில்,
இல், இல், இல்.